இணைப்புத் தரவுக் கோப்புகளை வடிவம் மாற்றுதல்: ஜீனாவின் ரயட் கருவிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்கு குயின் ஸ்திரீட்டில் 1833ஆம் ஆண்டு எழுந்த ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் 1873ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் இன்னொன்று இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இவற்றில் எந்தக் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் புறப்படும் என்று கேட்டால் மலேசியத் தமிழர் எவரும் கோலாலம்பூர்க் கோயில் என்று தயங்காமல் சொல்லிவிடுவார். கணினியோ, பெயரை மட்டும் கொடுத்தால், இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அதனால்தான் இணைப்புத் தரவில், அதாவது பொருள்களையும் அவற்றின் தொடர்புகளையும் கணினி படிக்கும்படி எழுதும் முறையில், ஒவ்வொரு பொருளுக்கும் இணைய முகவரி போன்ற தனி அடையாளம் ஒன்று தரப்படுகிறது. பெயர் என்பது அந்த அடையாளத்தின் மேல் ஒட்டப்படும் ஒரு சீட்டு மட்டுமே.

ஜார்ஜ் டவுனில் இருக்கும் எங்கள் சிறு குழு, இரு நகரங்களிலும் உள்ள கோயில்கள், தமிழ்ப்பள்ளிகள், நின்றுபோன இதழ்கள் ஆகியவற்றின் விவரங்களை இவ்வாறு தொகுத்து வருகிறது. இத்தகைய தரவை எழுதக் கோப்பு வடிவங்கள் பல உண்டு. நாங்கள் எழுதுவது டர்ட்டில் வடிவத்தில். கோலாலம்பூரில் இணையத்தளத்தைக் கவனிப்பவர் ஜேசன்-எல்டி கேட்கிறார். தரவை வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு நூலகத்தின் பழைய மென்பொருளோ ஆர்டிஎஃப்-எக்ஸ்எம்எல் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. ஆகவே ஒரே தரவை மாதத்தில் பலமுறை வடிவம் மாற்ற வேண்டியிருக்கிறது. மாற்றுவதற்கு, ஜீனா என்ற இலவச மென்பொருளோடு வரும் ரயட் கருவியில் ஒரு வரிக் கட்டளை போதும். மாற்றியதில் எதுவும் தொலையவில்லை என்று உறுதி செய்வதற்குத்தான் மீதி நேரமெல்லாம் போகிறது. இந்த வழிகாட்டியிலும் பெரும்பகுதி அந்த இரண்டாவது வேலைக்கே செல்கிறது.

ஒரு முன்குறிப்பு. கட்டளைகளையும் கோப்பு நீட்சிகளையும் கீழே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

எது மாறுகிறது, எது மாறக்கூடாது

ஆர்டிஎஃப் என்பது ஒரு கோப்பு வடிவம் அன்று. அது தரவை எண்ணிப் பார்க்கும் ஒரு முறை. எழுவாய், பண்பு, மதிப்பு என்னும் மூன்றும் சேர்ந்தது ஒரு கூற்று. அதை மும்மை என்கிறோம். பேச்சில் ட்ரிபிள் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு (டபிள்யூ3சி) என்ற தர அமைப்பு இம்முறையை முதன்முதலில் 1999இல் பரிந்துரையாக வெளியிட்டது, 2004இல் திருத்தியது, 2014இல் 1.1 என்ற பதிப்பைத் தந்தது. டர்ட்டில், என்-ட்ரிபிள்ஸ், என்-குவாட்ஸ், ட்ரிக் ஆகிய வடிவங்கள் முழுப் பரிந்துரையாக நிலைபெற்றதும், ஜேசன்-எல்டி வந்ததும் அதே 2014இல்தான். அதற்கு முன் எழுதப்பட்ட மென்பொருள்கள் பல எக்ஸ்எம்எல் வடிவத்தை மட்டும் அறிந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

இரண்டு கோயில்களையும் டர்ட்டிலில் எழுதினால் இப்படி இருக்கும். முன்னொட்டை, அதாவது முகவரிகளின் பொதுவான முற்பகுதிக்கான சுருக்கத்தை, அறிவிக்கும் முதல் வரியை மட்டும் விட்டிருக்கிறேன்.

    :பினாங்கு_மாரியம்மன்
        :பெயர்  "ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில்" ;
        :நகரம்  :ஜார்ஜ்_டவுன் ;
        :தொடங்கிய_ஆண்டு  1833 .

    :கோலாலம்பூர்_மாரியம்மன்
        :பெயர்  "ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில்" ;
        :நகரம்  :கோலாலம்பூர் ;
        :தொடங்கிய_ஆண்டு  1873 .

அடையாளங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுத டர்ட்டிலின் இலக்கணம் இடம் தருகிறது. மேலே உள்ளது செல்லுபடியாகும் தரவு. வெளியாரோடு பகிரும்போது மட்டும் டப்ளின் கோர், ஸ்கீமா போன்ற பொதுச் சொற்றொகுதிகளின் பண்புகளைப் பயன்படுத்துவது நல்லது. ":தொடங்கிய_ஆண்டு" என்று நாம் எழுதியதன் பொருள் ஜெர்மனியில் இருக்கும் நிரலுக்கு எப்படித் தெரியும்?

மேலே உள்ளவை ஆறு மும்மைகள். இவற்றை என்-ட்ரிபிள்ஸாக மாற்றினால் ஆறு வரிகள் கிடைக்கும்; ஒவ்வொரு வரியிலும் முழு முகவரிகள் கோண அடைப்புக்குள் விரிந்து நிற்கும்; முன்னொட்டும் அரைப்புள்ளிச் சுருக்கமும் இருக்காது. எக்ஸ்எம்எல்லில் அவையே குறிச்சொற்களாகும். ஜேசன்-எல்டியில் பெயரும் மதிப்புமாகச் சுருள் அடைப்புக்குள் போகும். கண்ணுக்கு நான்கும் நான்கு விதம், ஆனால் அதே ஆறு மும்மைகள் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும்.

அதே வேளையில், மாறினால் கவலைப்படத் தேவையில்லாதவையும் உண்டு. வரிசை மாறும். நீங்கள் எழுதிய குறிப்புரைகள் போய்விடும். என்-ட்ரிபிள்ஸ் வழியாகப் போய் டர்ட்டிலுக்குத் திரும்பினால் முன்னொட்டுகளும் போய்விடும். பெயரில்லாக் கணுக்களின் (தனி முகவரி தரப்படாத பொருள்களின்) தற்காலிகப் பெயர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக இடப்படும். இவை எதுவும் தரவின் பகுதி அல்ல என்பதே கருவியின் கணக்கு. ஆகவே கையால் எழுதிய மூலக் கோப்பை, குறிப்புரைகளோடு, ஒருபோதும் மேலெழுதாமல் தனியே வைத்திருங்கள். மாற்றிய கோப்புகளை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் உண்டாக்கிக்கொள்ளலாம். மூலத்தை அப்படி உண்டாக்க முடியாது.

கருவியை நிறுவுதல்

இவ்வேலைக்குப் பல கருவிகள் உள்ளன. ராப்டர் நூலகத்தோடு வரும் ராப்பர் சிறியது, விரைவானது. ஆனால் ஜேசன்-எல்டி அதற்குத் தெரியாது. பைத்தான் எழுதுபவர்களுக்கு ஆர்டிஎஃப்லிப் கைக்கு எளிது. நான் அன்றாடம் பயன்படுத்துவது அப்பாச்சி ஜீனாவோடு வரும் ரயட். ஜீனா 2000ஆம் ஆண்டு வாக்கில் எச்பி நிறுவனத்தின் ஆய்வகத்தில் தொடங்கி, பின்னர் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமானது, இலவசமாகக் கிடைக்கிறது.

ஜீனாவுக்கு ஜாவா வேண்டும். ஜீனாவின் 5ஆம் பதிப்புக்கு ஜாவா 17 அல்லது அதற்குப் பிந்தியது தேவை. ஜீனாவின் தளத்திலிருந்து சுருக்கக் கோப்பை இறக்கி விரித்தால், உள்ளே இரண்டு அடைவுகளில் கட்டளைகள் இருக்கும்: லினக்சுக்கும் மேக்குக்கும் "பின்", விண்டோஸுக்கு "பேட்". உங்களுக்குரிய அடைவைக் கணினியின் பாத் மாறியில் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலில்) சேர்த்துவிட்டு, முனையத்தில் பின்வருமாறு தட்டச்சு செய்யுங்கள்.

    ரயட் --வெர்ஷன்

பதிப்பு எண் வந்தால் நிறுவல் முடிந்தது. ஜாவா கிடைக்கவில்லை என்று வந்தால், பெரும்பாலும் பழைய ஜாவா ஒன்று பாத்தில் முன்னே நின்று வழிமறித்துக்கொண்டிருக்கும்.

முதலில் சரிபார்ப்பு, பிறகுதான் மாற்றம்

பிழையுள்ள கோப்பை மாற்ற முயன்றால் கருவி பாதி வரை எழுதிவிட்டு நின்றுவிடும். அந்தப் பாதிக் கோப்பு வட்டில் முழுக் கோப்பைப் போலவே உட்கார்ந்திருக்கும். அதனால் மாற்றுவதற்கு முன் இந்தக் கட்டளையை இயக்குங்கள்.

    ரயட் --வேலிடேட் கோயில்கள்.டிடிஎல்

வெளியீடு ஒன்றும் வராவிட்டால் கோப்பு சரி. பிழை இருந்தால் வரி எண்ணும், அவ்வரியில் எத்தனையாவது எழுத்து என்பதும் வரும். எங்கள் கோப்புகளில் அடிக்கடி வரும் பிழை, கூற்றின் இறுதியில் முற்றுப்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி இடுவது. கருவி அடுத்த கோயிலின் வரியைக் காட்டிக் குறைசொல்லும், ஆனால் தவறு முந்தைய கோயிலின் கடைசி வரியில் இருக்கும். அடுத்து, மேற்கோள் குறி. வேர்டிலிருந்து ஒட்டிய உரையில் நேர்க்குறிக்குப் பதில் வளைந்த குறி இருக்கும். டர்ட்டில் அதை மேற்கோளாக ஏற்காது.

பிழை வேறு, எச்சரிக்கை வேறு. சில குறைகளைக் கருவி எச்சரிக்கையாகச் சொல்லிவிட்டு மேலே போய்விடக்கூடும். அவற்றையும் இப்போதே திருத்திவிடுங்கள். ஜீனா பொறுத்துக்கொள்வதை மறுமுனையில் இருக்கும் மென்பொருள் பொறுத்துக்கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை.

பிறகு எண்ணிக்கையை எடுத்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

    ரயட் --கவுன்ட் கோயில்கள்.டிடிஎல்

நம் எடுத்துக்காட்டுக்கு விடை 6.

மாற்றும் கட்டளை

    ரயட் --அவுட்புட்=ஜேசன்எல்டி கோயில்கள்.டிடிஎல் > கோயில்கள்.ஜேசன்எல்டி

அவ்வளவுதான். சமக்குறிக்குப் பின் டர்ட்டில், என்ட்ரிபிள்ஸ், ஆர்டிஎஃப்எக்ஸ்எம்எல், ட்ரிக், என்குவாட்ஸ் ஆகிய பெயர்களில் ஒன்றை இடலாம். உள்ளே வரும் கோப்பின் வடிவத்தை அதன் நீட்சியைக் கொண்டு கருவியே ஊகித்துக்கொள்ளும். மின்னஞ்சலில் வந்த கோப்பு வெறும் உரைக்கோப்பு நீட்சியோடு இருந்தால், "--சின்டாக்ஸ்=டர்ட்டில்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஜீ-ஜிப் முறையில் சுருக்கிய கோப்பை விரிக்காமலே கொடுக்கலாம்.

பல கோப்புகளை ஒன்றாக்க வேண்டுமானால் அவற்றின் பெயர்களை ஒரே கட்டளையில் வரிசையாக எழுதினால் போதும். இதை விட்டுவிட்டு, உரைக்கோப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுவது தவறு. இரு கோப்புகளிலும் ஒரே தற்காலிகப் பெயர் கொண்ட பெயரில்லாக் கணுக்கள் இருந்தால், ஒட்டும்போது அவை ஒரே கணுவாகிவிடும். ஒரு பள்ளியின் முகவரி இன்னொரு பள்ளியின் மேல் ஏறிக்கொள்ளும். ரயட் ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் படித்து அவற்றைப் பிரித்தே வைக்கிறது.

விண்டோஸ் பயனர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேலே உள்ள ">" குறியை விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1இல் பயன்படுத்தினால், அது கருவி தந்த யுடிஎஃப்-8 எழுத்துகளைத் தன் விருப்பப்படி படித்து யுடிஎஃப்-16 ஆக எழுதும். ஆங்கிலம் மட்டும் இருந்தால் கோப்பு இருமடங்கு பெரிதாவதோடு போகும். தமிழ் இருந்தால் பெயர்கள் சிதைந்துவிடும். பழைய கட்டளைச் சாளரத்தைத் திறந்து அதில் இயக்குங்கள். எங்கள் குழுவில் முதல் வாரம் முழுவதும் "ஜீனாவுக்குத் தமிழ் வரவில்லை" என்றே பேசிக்கொண்டிருந்தோம். பாவம், ஜீனாவின் மேல் தவறே இல்லை.

அடிமுகவரி என்னும் பொறி

இது என் சொந்த அனுபவம். மூலக் கோப்பில் சில அடையாளங்களை முழு முகவரியாக எழுதாமல், கோண அடைப்புக்குள் வெறும் சொல்லாக எழுதியிருந்தேன். அத்தகைய சார்பு முகவரியை, வேறு அடிமுகவரி சொல்லப்படாதபோது, கோப்பு இருக்கும் இடத்தைக் கொண்டு கருவி முழுமையாக்கும். விளைவாக, கோலாலம்பூருக்குப் போன கோப்பில் பினாங்கின் கோயில்களும் பள்ளிகளும் என் மடிக்கணினியின் "டவுன்லோட்ஸ்" அடைவில் குடியிருந்தன. கருவி பிழை சொல்லவில்லை; சரிபார்ப்பும் தேறியது; எண்ணிக்கையும் பொருந்தியது. இன்னொருவர் அதே கோப்பைத் தம் கணினியில் மாற்றினால் அடையாளங்கள் வேறாக வரும் என்பதுதான் இதில் பெரிய கேடு.

இரண்டு தீர்வுகள் உண்டு. கட்டளையில் "--பேஸ்" என்று எழுதிச் சமக்குறிக்குப் பின் உங்கள் தளத்தின் முகவரியைக் கொடுக்கலாம். அல்லது டர்ட்டில் கோப்பின் முதல் வரியிலேயே அடிமுகவரியை அறிவிக்கலாம். இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன், ஏனெனில் கட்டளையை யார் இயக்கினாலும் அது கோப்போடு கூடவே போகும். எதுவாயினும், மாற்றிய கோப்பில் "ஃபைல்" என்று தொடங்கும் முகவரி ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வடிவத்துக்கு வடிவம் வரும் இடர்கள்

ஆர்டிஎஃப்-எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றும்போது சில தரவுகள் மாறவே மறுக்கும். இவ்வடிவத்தில் பண்பின் பெயர் ஒரு எக்ஸ்எம்எல் குறிச்சொல்லாக வேண்டும். குறிச்சொல் எண்ணில் தொடங்கக்கூடாது. நூலகப் பழக்கம் உள்ள ஒருவர் நூலகப் பட்டியல் வடிவமான மார்க் பதிவுகளின் புல எண்களையே பண்புப் பெயர்களாக வைத்திருந்தார்: தலைப்புக்கு ":245", ஆசிரியருக்கு ":100". டர்ட்டிலில் இது முறையானதே, சரிபார்ப்பும் குறைசொல்லவில்லை. எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றச் சொன்னபோதுதான் பண்பின் முகவரி செல்லாது என்ற பிழையோடு வேலை நின்றது. முகவரி இலக்கத்தில் முடிந்து, அதற்கு முன் எழுத்து எதுவும் ஒட்டியிராதபோது அதைப் பெயர்வெளி என்றும் பெயர் என்றும் பிரிக்க வழியில்லை. ":புலம்245" என்று மாற்றியதும் தீர்ந்தது. எழுவாயும் மதிப்பும் குறிச்சொல் ஆவதில்லை என்பதால் அவற்றுக்கு இந்தத் தடை இல்லை. இதோடு, பழைய நூல்களை வருடியெடுத்து ஓசிஆர் செய்த உரையில் பக்கமாற்றுக் குறி போன்ற மறைந்த கட்டுப்பாட்டு எழுத்துகள் இருக்கக்கூடும், எக்ஸ்எம்எல் 1.0 அவற்றை எந்த வடிவிலும் அனுமதிப்பதில்லை.

ஜேசன்-எல்டியிலிருந்து வெளியே வரும்போது நிகழ்வது இதற்கு நேர்மாறு. இங்கே பிழையே வராது. ஜேசன்-எல்டி கோப்பின் தலையில் சூழல் என்ற பகுதி ஒன்று உண்டு. "பெயர்", "நகரம்" போன்ற ஒவ்வொரு சொல்லும் எந்த முகவரியைக் குறிக்கிறது என்று அது சொல்கிறது. அங்கே சொல்லப்படாத சொல்லை, விதிப்படியே, கருவி ஓசையின்றி விட்டுவிடும். கோப்பின் உள்ளே

    "தொடங்கிய_ஆண்டு" : 1833

என்று தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும்; மாற்றிய டர்ட்டிலில் அந்த வரி இராது. சூழலில் இயல்புநிலைச் சொற்றொகுதி எதுவும் அறிவிக்கப்படாமல், "நிறுவிய_ஆண்டு" என்ற பழைய சொல் மட்டும் வரையறுக்கப்பட்டிருப்பதே காரணம். யாரோ ஒருவர் ஒரு சொல்லை நல்ல தமிழாக்கியதற்கு நாங்கள் கொடுத்த விலை, எல்லாக் கோயில்களின் ஆண்டும். எண்ணிக்கையைத் தாளில் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்: 6 இருக்க வேண்டிய இடத்தில் 4 வந்தால் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

எண்களும் கவனிக்கத்தக்கவை. டர்ட்டிலில் மேற்கோள் இல்லாமல் 5.41 என்று எழுதினால் அது பதின்மம். அதையே ஜேசன்-எல்டியில் வெறும் எண்ணாக எழுதினால் படிக்கும் கருவி அதை மிதவை எண்ணாகவே கொள்ளும். இரண்டும் வெவ்வேறு வகை. ரயட் தானாக எழுதும்போது வகையைச் சேர்த்தே எழுதுகிறது. இடையில் ஒருவர் அழகுக்காக அதை நீக்கும்போதுதான் சிக்கல். அஞ்சல் குறியீடு இன்னும் மோசம். கெடாவின் அலோர் ஸ்டாருக்கு 05000. எண்ணாகக் கருதினால் அது 5000 ஆகிவிடும், ஜேசனோ முன்னே சுழியுள்ள எண்ணை ஏற்பதே இல்லை. கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எதையும் மேற்கோளுக்குள் உரையாகவே எழுதுங்கள்.

ட்ரிக்கும் என்-குவாட்ஸும் ஒவ்வொரு மும்மையும் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்ற நான்காவது தகவலையும் சுமப்பவை. அவற்றை டர்ட்டிலுக்கு மாற்றினால், பெயரிட்ட தொகுதிகளில் உள்ளவை புறக்கணிக்கப்பட்டன என்று ரயட் ஓர் எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு அவற்றை விட்டுவிடும். தொகுதிகள் இருந்தால் ட்ரிக்கிலேயே இருங்கள்.

பெரிய கோப்புகள்

சில ஆயிரம் மும்மைகள் வரை எந்த வடிவமும் சிரமம் தராது. விக்கித்தரவு போல ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட மும்மைகள் கொண்டவற்றில் வடிவமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. என்-ட்ரிபிள்ஸில் ஒவ்வொரு வரியும் தன்னளவில் முழுமையானது; ஆகவே கருவி ஒரு வரியைப் படித்து எழுதிவிட்டு அதை மறந்துவிடலாம். அழகாக அடுக்கிய டர்ட்டிலுக்கோ, ஒரே கோயிலின் கூற்றுகளை ஓரிடத்தில் சேர்க்க வேண்டியிருப்பதால், முழுத் தரவும் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். "--அவுட்புட்" என்பதற்குப் பதில் "--ஸ்ட்ரீம்=டர்ட்டில்" என்றால் கருவி வருவதை வந்தபடியே எழுதும்; அழகு குறையும், வேலை முடியும். எக்ஸ்எம்எல்லுக்கு இந்த வழி இல்லை. ஜாவாவுக்குக் கூடுதல் நினைவகம் ஒதுக்குவதோ தரவைப் பிரித்துக்கொள்வதோதான் வழி.

மாற்றியதைச் சோதித்தல்

எண்ணிக்கை பொருந்துவது தேவை, ஆனால் போதாது. ரயட் எண்ணுவது தான் படித்த கூற்றுகளை. ஒரே வரி இருமுறை இருந்தால் இருமுறையும் எண்ணும். அடுக்கிய டர்ட்டிலாக எழுதும்போது நகல் நீங்கிவிடுவதால் எண்ணிக்கை குறைவது சில வேளைகளில் நியாயமானதே. உள்ளடக்கத்தை ஒப்பிட ஜீனாவிலேயே வேறொரு கட்டளை இருக்கிறது.

    ஆர்டிஎஃப்கம்பேர் கோயில்கள்.டிடிஎல் திரும்பியவை.டிடிஎல்

இங்கே "திரும்பியவை" என்பது, மாற்றிய ஜேசன்-எல்டி கோப்பை மீண்டும் டர்ட்டிலுக்கு மாற்றிப் பெற்றது. வரிசை, முன்னொட்டு, பெயரில்லாக் கணுக்களின் தற்காலிகப் பெயர் ஆகியவற்றைப் பொருட்படுத்தாமல், இரண்டும் சமமா இல்லையா என்று ஒரே வரியில் விடை வரும். இல்லை என்று வந்தால், இரண்டையும் என்-ட்ரிபிள்ஸாக்கி, வரிகளை அகரவரிசைப்படுத்தி, வேறுபாடு காட்டும் கருவி ஒன்றில் அருகருகே வைத்துப் பாருங்கள். பெயரில்லாக் கணுக்கள் குறைவாக உள்ள தரவில் தவறிய வரி சட்டெனக் கண்ணில் படும். தரவில் அத்தகைய கணுக்களைக் கூடியவரை தவிர்த்து, ஒவ்வொன்றுக்கும் முகவரி கொடுத்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இந்தச் சோதனையின் வசதிக்காகவே.

தமிழ் எழுத்துகளுக்கு மட்டும் உரியவை

ஒரு நாள் மாலை கோலாலம்பூரிலிருந்து தொலைபேசி. "அண்ணே, பெயரைக் கொடுத்துத் தேடினா ரெண்டு கோயில் வரணும்லே? ஒண்ணுதானே வருது!" மாற்றத்தில் ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்து எண்ணிக்கையைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒப்பீட்டுக் கட்டளையும் சமம் என்றது. கோப்பைத் திறந்து பார்த்தால் இரண்டு கோயில்களும், இரண்டு பெயர்களும், எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிந்தன.

ஒன்றாகத் தெரிந்தனவே தவிர ஒன்றாக இல்லை. "ஸ்ரீ" என்பதை ஒருவர் ஸ என்ற எழுத்தில் தொடங்கியிருந்தார். இன்னொருவரின் விசைப்பலகை ஶ என்ற எழுத்தைக் கொண்டு "ஶ்ரீ" என்று எழுதியிருந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே கூட்டெழுத்தாகவே தோன்றும். ஶ என்ற எழுத்து யூனிகோடில் 2005ஆம் ஆண்டின் 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் ஸ தவிர வேறு வழியே இருக்கவில்லை. இரண்டுமே பரவலாகப் புழங்குவதற்கு அதுவே காரணம். ஆர்டிஎஃப் இரு உரைகளைக் குறியீட்டு எண் எண்ணாக ஒப்பிடுவதால் அதற்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

அதே பெயரின் கடைசிச் சொல்லிலும் இன்னொரு பிளவு ஒளிந்திருக்கக்கூடும். "கோ" என்பதைக் க என்ற எழுத்தும் ஓகாரக் குறி ஒன்றுமாக எழுதலாம். அல்லது ஏகாரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. இவற்றை ஒருமைப்படுத்த யூனிகோட் என்எஃப்சி என்ற நெறியை வைத்திருக்கிறது, ஆர்டிஎஃப்பின் 1.1 பதிப்பும் உரைகள் அந்த நெறியில் இருப்பதையே விரும்புகிறது. ஆனால் ரயட் நீங்கள் கொடுத்த எழுத்துகளை அப்படியே கடத்துமேயன்றி இதைச் செய்து தராது. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுதியில் நார்மலைஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. மூல டர்ட்டில் கோப்பு முழுவதையும் உரையாகப் படித்து அதன் வழியே ஒருமுறை செலுத்திவிடுங்கள்.

என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. "ஸ்ரீ"யின் இரு வடிவங்களையும் அது ஒன்றாக்காது. "ஔவையார்" என்பதை ஒகரமும் ளகரமும் சேர்த்து "ஒளவையார்" என்று தட்டச்சு செய்திருப்பதையும், துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுந்திருப்பதையும் அது அறியாது. யூனிகோடுக்கு முந்திய திஸ்கி போன்ற குறியேற்றங்களில் தட்டச்சு செய்த பழைய பட்டியல்கள் கிடைத்தால், அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றியபின், இவ்வகைப் பிழைகளைத் தேடுவதற்கென்றே ஒரு நாளை ஒதுக்குங்கள்.

முகவரிகளுக்கும் இதே கதை உண்டு. க என்ற ஓர் எழுத்து யுடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகள். முகவரியில் அதை விழுக்காட்டுக் குறியிட்டு எழுதினால் ஒன்பது எழுத்துகளாகும். 2004ஆம் ஆண்டு விதிப்படி எழுதும் பழைய கருவிகள் என்-ட்ரிபிள்ஸில் அதையே பின்சாய்வுக்கோடு, யு என்ற எழுத்து, நான்கு இலக்கப் பதினாறடிமான எண் என ஆறு எழுத்துகளாக்கும். கடைசி வகையைப் பற்றிக் கவலை வேண்டா. படிக்கும்போது கருவி அதைத் தமிழாக்கிவிடும். விழுக்காட்டுக் குறியிட்டது அப்படியன்று. உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் அதுதான் வரும்; ஆர்டிஎஃப்பின் பார்வையில் அது நீங்கள் தமிழில் எழுதிய முகவரியோடு எவ்வகையிலும் தொடர்பில்லாத வேறொரு பொருள். தமிழிலா, குறியிட்டா என்று முதல் நாளிலேயே முடிவுசெய்து அதில் நில்லுங்கள். எங்கள் தரவில் அடையாளங்களுக்கு எளிய ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டுமே. தமிழெல்லாம் மேற்கோளுக்குள், "டிஏ" என்ற மொழிக்குறியோடு. மொழிக்குறி உள்ள உரையும் இல்லாத உரையும் வெவ்வேறு மதிப்புகள் என்பதால், ஒரு பண்பின் எல்லா மதிப்புகளுக்கும் அதை இடுங்கள், அல்லது எதற்கும் இடாதீர்கள்.

அன்று இரவு மூலக் கோப்பில் "ஸ்ரீ"யை எல்லா இடங்களிலும் ஒரே வடிவமாக்கினோம். யூனிகோட் பரிந்துரைப்பது ஶ-வில் தொடங்குவதை. நாங்கள் தேர்ந்ததோ ஸ-வில் தொடங்குவதை, ஏனெனில் எங்கள் குழுவினரின் விசைப்பலகைகளில் எளிதாக வருவது அதுதான், தேடுபவர்களும் அதையே தட்டச்சு செய்வார்கள். பிறகு சரிபார்ப்பு, எண்ணிக்கை, மாற்றம், ஒப்பீடு என்று நான்கு கட்டளைகளையும் முதலிலிருந்து ஓட்டினோம். எண்ணிக்கையில் ஒன்றுகூட மாறவில்லை. தேடலில் குயின் ஸ்திரீட்டும் ஜாலான் துன் எச்.எஸ். லீயும் சேர்ந்தே வந்தன.